இரண்டாம் கெஜத்தில் பந்து

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை அன்று காலையில் என் பெண் கயல், தோசையைச் சுருட்டி நின்றபடியே கடித்துக்கொண்டு ஒரு ரகசியம் சொன்னாள். 

"அம்மா, இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் ப்ளே இருக்கு. நாங்க லீட்ல இருக்கணும், பால் எங்க கோல் லைன்கிட்ட மாட்டிக்கணும். அப்ப நான் கிக் பண்ண மாட்டேன். பாலைக் கையில வச்சுக்கிட்டு அந்த லைனுக்குப் பின்னாடி எண்ட் ஸோனுக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடுவேன். டைம் போயிரும். அவங்க கிட்ட வந்ததும் பின்னாடி லைனைத் தாண்டி வெளிய போயிருவேன். அவங்களுக்கு டூ பாயின்ட்ஸ், பரவால்ல. கேம் எங்களுக்கு."

"கிட்ட வந்ததும்னா, எவ்வளவு கிட்டக் கண்ணு?"

"டச் பண்ற அளவுக்கு." சிரித்தாள். "எட்டு செகண்ட் ஓடணும்னு கோச் சொல்லியிருக்கார். ப்ராக்டிஸ்ல ஒன்பது ஓடினேன்."

"உன்னை யாரும் தொடக் கூடாதுன்னுதானே ரூலு?"

"அது கிக் பண்ணும்போதும்மா. பாலோட ஓடினா நானும் ரன்னர்தான். அடிக்கலாம்."

சட்னியைக்கூடத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுப்பை அணைக்க மறந்து நின்றேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம் இது. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மூன்று முயற்சியில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், நாலாவதில் பந்தை எதிராளி பக்கம் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்து அனுப்பிவிடுவார்கள். பந்து போனால் போகட்டும், அவன் வெகுதூரத்திலிருந்து ஆரம்பித்து வேர்க்கட்டும் என்கிற கணக்கு. அதற்குப் பன்ட் என்று பெயர். 1998ஆம் வருஷம், நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அதை உதைத்தவள் என் பெண். பதினேழு வயது. நாற்பது பையன்களுக்கு நடுவில் ஒரே பெண்.

பெருமைதானே என்பீர்கள். பெருமைதான். ஆனால் கயலுக்குச் சிறுநீரகம் ஒன்றுதான்.

நாலு வயதில் கோயமுத்தூரில் விடாத காய்ச்சலுக்கு ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. பிறவியிலேயே இடப்பக்கம் இல்லை. ஒன்று போதும், நூறு வயது இருக்கலாம், அந்த ஒன்றில் அடி மட்டும் படக் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் காரிலேயே என் வீட்டுக்காரர் கோபாலசாமி முடிவெடுத்தார். யாருக்கும் சொல்லக் கூடாது; பெண் பிள்ளை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்கிற ஊரில், ஒரு உண்மையைச் சொல்லி வருகிற கல்யாணத்தை யார் கெடுத்துக்கொள்வார்கள்? நானும் தலையாட்டினேன். பழியை அவர் தலையில் மட்டும் கட்ட நான் தயாரில்லை.

கயலுக்கும் சொல்லவில்லை. குழந்தை வாய், எங்கேயாவது உளறிவிடும் என்று அப்போது நினைத்தோம். அமெரிக்கா வந்த பிறகு, அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது பரிசோதனை செய்துகொண்டு வருவோம். ரத்தம் கம்மியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்போம். நம்பினாள். பெற்றவர்கள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

அவள் சாக்கரில், அதாவது நம் ஊர்க் கால்பந்தில், காலை வீசி உதைப்பதைப் பார்த்துத்தான் ஃபுட்பால் கோச் வீட்டுக்கே வந்து கேட்டார். ப்ரென்னன் என்று பெயர், செக்கச் சிவந்த முகம். "உதைப்பவரை யாரும் தொடக் கூடாது, தொட்டால் பதினைந்து கெஜம் தண்டனை. மைதானத்திலேயே பத்திரமான இடம் அதுதான்" என்று என் சோபாவில் உட்கார்ந்து சொன்னார். என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக, "அதான் ரூலே இருக்கே வசந்தா" என்றார்.

உடல் தகுதிப் படிவம் ஒன்று தந்தார்கள். பெரும்பாலும் ஆம், இல்லை என்று குறிக்கிற கட்டங்கள். ஆஸ்துமா இருக்கிறதா, மயங்கி விழுந்தது உண்டா. பதினேழாவது கேள்வி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: இரண்டாக இருக்க வேண்டிய உறுப்புகளில் ஏதாவது ஒன்று குறைகிறதா? நான் மற்ற எல்லாவற்றுக்கும் போட்டது போலவே அதற்கும் "இல்லை" என்று கோடு போட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நடுங்கவில்லை. பதிமூன்று வருஷப் பழக்கம். டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றதும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த கிட்டுசாமி அண்ணா, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் இடது கையால் என் பேனாவைப் பிடித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கண் டாக்டர். கயலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே இருக்கும் பதினோரு தமிழ்க் குடும்பம் கொண்ட எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளின் படிவமெல்லாம் இப்படித்தான் ஆகும்; யாரும் தப்பாக நினைத்ததில்லை.

முதல் ஆட்டத்திலேயே எனக்குத் தூக்கம் போயிற்று. நூலகத்தில் போய் விதிப் புத்தகம் எடுத்து வந்து படித்தேன். உதைத்த பந்து எதிராளி விரலில் பட்டுவிட்டால் அவன் உதைத்தவள் மேல் விழலாம். பந்து கை நழுவித் தரையில் உருண்டு அவள் எடுத்து ஓடினால் விழலாம். பத்திரமான இடமாம்! அதற்கப்புறம் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். பந்து மைதானத்தின் நடுவில் இருந்தால் எதிராளிகள் அவ்வளவாகப் பாய்ந்து வருவதில்லை, பின்னால் போய்ப் பந்தைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். பந்து எங்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் பதினொரு பேரும் பாய்வார்கள். அது மட்டுமில்லை. வழக்கமாகக் கயல் பதினாலு கெஜம் பின்னால் நிற்பாள். கோட்டுக்குப் பக்கத்தில் என்றால் பின்னால் போக இடமே இருக்காது; கோல் கோட்டுக்குப் பின்னால் எண்ட் ஸோன் என்கிற பத்து கெஜம்தான், அதன் முடிவில் கடைசிக் கோடு. கடைசிக் கோட்டை மிதிக்காமல் பதினொரு கெஜத்தில் நிற்க வேண்டும். மூன்று கெஜம் குறைச்சல். அவன் வந்து சேர அரை நொடி குறைச்சல்.

ஆகவே ஊரெல்லாம் பந்தைப் பார்க்கும், நான் கோட்டைப் பார்ப்பேன். எங்கள் பையன் பந்தோடு, எங்கள் கோல் கோட்டிலிருந்து நாற்பதாவது கெஜத்தைத் தாண்டினால் எனக்கு மூச்சு வரும். இருபதுக்கு இந்தப் பக்கம் தள்ளப்பட்டால் எழுந்து நின்றுவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்த அமெரிக்கப் பெண்கள் என்னைப் பெரிய ரசிகை என்று நினைத்தார்கள்.

அன்று மைதானத்துக்குப் போகும்போது காரில் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தக் கோச்சுகிட்டச் சொல்லிரலாமுங்க."

"இன்னைக்கா? இதுதான் கடைசி கேமு. பதிமூணு வருஷம் காப்பாத்தினோம். இன்னும் மூணு மணி நேரம் காப்பாத்த முடியாதா உன்னால?"

"எதைங்க காப்பாத்தறது? ரகசியத்தையா, புள்ளையையா?"

அவர் சரியாகவே இருந்த பின்பார்வைக் கண்ணாடியைத் திருகினார். "இன்னைக்குன்னு பாத்து எல்லாரும் வர்றாங்க. வாயைத் தொறந்துறாதே" என்றார்.

வந்திருந்தார்கள். நியூ ஜெர்சியில் தேங்க்ஸ்கிவிங் காலையில் பக்கத்து ஊரோடு ஆடுவது வழக்கம். மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு என்பதால் பதினோரு குடும்பமும் நேரே மைதானத்துக்கே வந்துவிட்டது. ஃப்ளாஸ்க்கில் காப்பி, டப்பாவில் முறுக்கு. எனக்கு வலப்பக்கம் வீட்டுக்காரர், இடப்பக்கம் கிட்டுசாமி அண்ணா, முன்வரிசையில் ராஜலக்ஷ்மி. ராஜலக்ஷ்மி காதில் இங்கே ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஈரோட்டில் கேட்கும்.

"உம்பட பொண்ணு பயப்படறதே இல்லையே வசந்தா!" என்றாள் அவள் திரும்பி. "யாரு மாதிரி?"

மடியில் கனம் இருப்பவர்களுக்குத்தானே வழியில் பயம். அவள் மடியில் இருப்பது அவளுக்கே தெரியாதே.

முதல் பாதி நல்லபடியாகப் போயிற்று. கயல் மூன்று முறை உதைத்தாள், மூன்றும் நடு மைதானத்திலிருந்து. மூன்றாவது கால்பகுதியில் ஒருமுறை பந்து எங்கள் பதினெட்டாவது கெஜத்தில் மாட்டியது. எதிரணியில் ஐம்பத்து நாலாம் எண் போட்ட ஒரு பையன், பையன் என்று சொல்லக் கூடாது, பீரோ. இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு வந்தான். கயல் உதைத்து முடித்த நொடியில் அவள் பக்கமாகத் தாவி விழுந்தான். ஒரு முழம் தள்ளி விழுந்தான். கயல் குனிந்து அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் என் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன், பல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

கடைசிக் கால்பகுதி. எங்களுக்குப் பதிமூன்று, அவர்களுக்குப் பத்து. முருகா, நாங்கள் தோற்றுப்போகட்டும் என்று வேண்டினேன். உண்மையாகவே வேண்டினேன். முன்னணியில் இருந்தால்தானே அந்த ஓட்டம்? தோற்றுக்கொண்டிருந்தால் கோச் அதைச் செய்யச் சொல்ல மாட்டார். முருகன் கேட்கவில்லை. அவர்களிடமும் நன்றாக உதைக்கிற ஒருவன் இருந்தான். இன்னும் நாற்பத்தைந்து நொடி என்கிறபோது அவன் உதைத்த பந்து வானத்தில் போய், எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து, உள்ளே போகாமல், சொல்லி வைத்த மாதிரி இரண்டாவது கெஜத்தில் நின்றது.

இரண்டாவது கெஜம். நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பையன்கள் முட்டினார்கள், ஒரு அடி. மறுபடி முட்டினார்கள், ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் எதிரணி கடிகாரத்தை நிறுத்தியது. மூன்றாவது முறை, ஒன்றுமில்லை. இருபத்தேழு நொடி மிச்சம். இப்போது எங்கள் கோச் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். கயல் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டினாள். எட்டு விரலைக் காட்டினார். எட்டு நொடி.

நான் கிட்டுசாமி அண்ணாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணா, நீங்க டாக்டருங்க. கீழ போயி நிறுத்துங்க. கயலுக்கு ஒரு கிட்னிதானுங்கண்ணா. பொறந்ததுலேர்ந்து."

அவர் கையிலிருந்த முறுக்கு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்ன அம்மிணி சொல்றீங்க? நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே!"

"ஆமாங்கண்ணா. அதனாலதான் சொல்றேன், நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே." குரல் தழைந்துவிட்டது. "எம்பட லைசன்ஸ் போயிரும் அம்மிணி. எட்டு செகண்டுதானே, ஒண்ணும் ஆகாது. உக்காருங்க."

நல்ல மனிதர்தான். அவருக்கும் பயம். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து, "உக்காரு வசந்தா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.  உதறிவிட்டு எழுந்தேன்.

எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. காப்பி யார் மேலோ கொட்டியது. கோச் இருந்த இடம் மைதானத்தின் மறுகரை, அங்கே ஓடிப்போக நேரமில்லை. கயல் நிற்கிற கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இடுப்பளவு கம்பிவேலி. அதைப் பார்த்து ஓடினேன். சுடிதார் துப்பட்டா எங்கோ மாட்டிக் கிழிந்தது. வேலியைப் பிடித்தபோது கயல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். அந்தப் பக்கம் பதினொரு பேர் குனிந்து நின்றார்கள். ஐம்பத்து நாலு நடுவில் இருந்தான்.

"கயல்! ஓடாதே சாமி! உனக்குக் கிட்னி ஒண்ணுதான்! ஒண்ணே ஒண்ணு! அடி பட்டா அவ்வளவுதான், பந்து வந்ததும் வெளிய வந்துரு!"

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. தமிழில் கத்தியதால் மைதானத்தில் கயல் ஒருத்திக்குத்தான் புரிந்தது. பார்வையாளர் வரிசையில் பதினோரு குடும்பத்துக்கும் புரிந்தது. ஹெல்மெட் என் பக்கம் பாதி திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் பந்து வந்தது.

பிடித்துவிட்டாள். பழகிய கை, தானாகப் பிடித்தது. பிடித்துக்கொண்டு ஓடவில்லை, உதைக்கவில்லை, மரம் மாதிரி நின்றாள். நான் கத்தினதால் இப்படி நிற்கிறாளே, நானே கொன்றுவிட்டேனே என்று நினைத்தேன். ஐம்பத்து நாலு எங்கள் பையன் ஒருவனைத் தள்ளிவிட்டு நேராக வந்தான். அவன் காலடிச் சத்தம் கேட்டது. கயல் ஒரு அடி பின்வைத்தாள். இன்னொரு அடி. கடைசிக் கோட்டுக்கு வெளியே குதிகால் பட்டதும் விசில் ஊதினார்கள். அவன் நிற்க முடியாமல் அவளை உரசிக்கொண்டு ஓடி, எனக்குப் பக்கத்தில் வேலியில் மோதினான். கம்பியெல்லாம் அதிர்ந்தது. "சாரி, மேம்" என்றான் என்னிடம். பதினேழு வயசுக் குழந்தை முகம்.

அவர்களுக்கு இரண்டு புள்ளி. கடிகாரத்தில் இருபத்து நாலு நொடி. கோச் தொப்பியைத் தரையில் எறிந்து என்னவோ கத்தினார். கயல் அதைக் கேட்காதது போல வேலிக்கு வந்தாள்.

"என்ன சொன்னே?"

மறுபடி சொன்னேன்.  பிறவியிலேயே இப்படி என்றேன். நாலு வயசிலிருந்து எங்களுக்குத் தெரியும் என்றேன்.

"இது எத்தனாவது கேம்?"

"பத்து."

"பத்து கேமும் நீ மேல உக்காந்து பாத்துட்டு இருந்தியா?"

பயந்துகொண்டேதான் பார்த்தேன். பயந்தால் பாவம் கழிந்துவிடுமா?

அவள் இரண்டு கையையும் இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் வைத்தாள். தன் உடம்பை அப்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறவள் போலத் தொட்டாள்.

"எந்தப் பக்கம்மா?"

"வலப்பக்கம்தான் இருக்கு சாமி."

இடக்கை கீழே இறங்கியது. வலக்கை அங்கேயே இருந்தது.

கோச் கூப்பிட்டார். அப்படிப் புள்ளி கொடுத்த பிறகு எங்கள் அணிதான் இருபதாவது கெஜத்திலிருந்து பந்தை உதைத்து அவர்களிடம் அனுப்ப வேண்டும். நான் வேலிக்கு மேலே கையை நீட்டி அவள் சட்டையைப் பிடித்தேன்.

"போகாதே கண்ணு. நான் கோச்சுகிட்டச் சொல்றேன்."

"இது ஃப்ரீ கிக்மா. பத்து யார்டுக்குள்ள ஒருத்தரும் வரக் கூடாது. உனக்குத்தான் எல்லா ரூலும் தெரியுமே."

போனாள். நான் பார்த்தேன். அவள் சொன்னது சரி, அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் தனியாக நின்றாள். இந்த வருஷம் முழுவதும் பதினொரு பேர் பாய்ந்து வரும்போது கண்ணைக்கூடச் சிமிட்டாதவள், இப்போது இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்து நாலு எங்கோ முப்பது கெஜம் தள்ளி நின்றான்; அவனை ஒருமுறை பார்த்தாள். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. அந்தக் கையால்தான் பந்தைக் காலுக்கு விட வேண்டும். கையை விரிக்காமல் விட்டாள், பந்து கோணலாக விழுந்தது, பக்கவாட்டில் போய் இருபது கெஜத்தில் விழுந்து உருண்டது. பத்து ஆட்டத்தில் அவள் அப்படி உதைத்ததே இல்லை.

ஆட்டத்தை எங்கள் பள்ளிதான் ஜெயித்தது, பதிமூன்றுக்குப் பன்னிரண்டு என்று. அவர்களுக்கு மிச்சமிருந்த நேரம் போதவில்லை. அதெல்லாம் பிறகு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் என் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து தரையில் விழுமுன்பே அவள் திரும்பி, இரண்டு கையாலும் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து மைதானத்தை விட்டு வெளியே ஓடினாள். அவளை யாரும் துரத்தவில்லை.